அந்த 20 பைட்: ஒரு கமாண்ட் நமக்கு என்னென்ன திருப்பித் தருது?

இந்த எபிசோட் ஒரு ஃபைல் சைஸ்ல இருந்து ஆரம்பிக்குது. 20 பைட்.

என் முதல் வேலையில் சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும். டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. பெரிய விஷயமெல்லாம் இல்லை, மொத்தமே பத்து வரி. தினமும் ராத்திரி 2 மணிக்கு க்ரான் அதை எழுப்பிவிடும். டேட்டாபேஸை டம்ப் பண்ணும் ஒரு கமாண்ட், அதிலிருந்து ஒரு பைப், பைப்புக்கு அந்தப் பக்கம் ஜிஜிப். அது சுருக்கித் தருவது அன்றைய தேதி போட்ட ஒரு ஃபைலில் போய் உட்காரும். வேலை ஒழுங்காக முடிந்ததா என்று ஒரு செக். முடிந்தது என்றால் டீமுக்கு "பேக்கப் ஓகே" என்று ஒரு மெயில்.

ஒரு வியாழக்கிழமை மதியம், டீமில் ஒருத்தர் டெலீட் க்வெரி ஒன்றை வேர் கண்டிஷன் போடாமல் ஓட்டிவிட்டார். பாவம், யாருக்கும் நடக்கக்கூடியதுதான். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கெத்தாகத்தான் இருந்தேன். "நேத்து ராத்திரி பேக்கப் இருக்கு, பத்து நிமிஷம் கொடுங்க" என்றேன். ஃபோல்டரைத் திறந்தேன். நேற்றைய ஃபைல் 20 பைட். முந்தின நாள் ஃபைல் 20 பைட். அப்படியே பின்னால் போனால், வரிசையாக 11 ராத்திரி, 11 ஃபைல், ஒவ்வொன்றும் 20 பைட். மெயில் பாக்ஸில் 11 "பேக்கப் ஓகே".

ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் சரியாக 20 பைட் வரும். 10 பைட் தலைப்பு, 2 பைட்டில் "உள்ளே ஒன்றும் இல்லை" என்ற தகவல், கடைசியில் சரிபார்க்க 8 பைட். இந்தக் கணக்கை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மறக்கவே மாட்டேன்.

என்ன நடந்தது? 11 நாளுக்கு முன்னால் யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். டம்ப் கமாண்ட் உள்ளேயே போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆனால் சும்மா நிற்கவில்லை, இரண்டு தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஒன்று, "அனுமதி இல்லை" என்று எரர் மெசேஜாகக் கத்தியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் பாஸ்வேர்டைக் கமாண்டிலேயே எழுதாதே என்று அது தினமும் ஒரு எச்சரிக்கை கொடுக்கும், அந்த நச்சரிப்பு தாங்காமல் எரர் மொத்தத்தையும் டெவ் நல்-க்கு அனுப்பி வைத்திருந்தேன். இரண்டு, சாகும்போது "நான் தோற்றுவிட்டேன்" என்று ஒரு நம்பரையும் விட்டுவிட்டுத்தான் போனது. அதையும் நான் பார்க்கவில்லை. பைப்பில் கடைசியாக நின்ற ஜிஜிப்பின் நம்பரைத்தான் பார்த்தேன். ஜிஜிப்பைப் பொறுத்தவரை, வெறும் காற்றை அது வெற்றிகரமாகவே சுருக்கிவிட்டது.

சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஒரு கமாண்டை ஓட்டினால் அது சொல்லும் பதில் ஒரு வழியாக வருது, புலம்பல் இன்னொரு வழியாக வருது, ஜெயித்ததா தோற்றதா என்பது மூன்றாவதாக ஒரு வழியாக வருது. யார் இப்படிப் பிரித்தார்கள்? எதுக்கு? தேடிப் போனபோது கிடைத்த கதைதான் இந்த எபிசோட்.

முதலில் 1963–64 காலகட்டம். அமெரிக்காவின் எம்ஐடி. அங்கே சிடிஎஸ்எஸ் என்று ஒரு சிஸ்டம், ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் டைப்ரைட்டர் மாதிரியான டெர்மினல் வழியாகப் பயன்படுத்தலாம். லூயி பூஸான் என்ற பிரெஞ்சு இன்ஜினியர் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கம்பைல் பண்ணு, லோட் பண்ணு, ஓட்டு என்று அதே கமாண்டுகளைத் திரும்பத் திரும்ப டைப் அடித்துச் சலித்துப்போனவர், அந்தக் கமாண்டுகளை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, அந்த ஃபைலையே ஓட்டுகிற ஒரு ப்ரோக்ராம் எழுதினார். பேர் ரன்காம். 'ரன் கமாண்ட்ஸ்' என்பதன் சுருக்கம். உங்கள் லேப்டாப்பில் பேஷ்-ஆர்சி என்று ஒரு ஃபைல் இருக்கும் இல்லையா, அந்த 'ஆர்சி' இதன் மிச்சம்தான். அறுபது வருஷம் தாண்டியும் அந்த இரண்டு எழுத்து நம்ம ஹோம் ஃபோல்டரில் ஒளிந்துகொண்டிருக்கு.

எம்ஐடி அடுத்து மல்டிக்ஸ் என்ற பெரிய சிஸ்டத்தைக் கட்டத் தொடங்கியபோது, இந்த யோசனையை அங்கே எப்படிச் செய்யலாம் என்று பூஸான் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். 'ஷெல்' என்று பேர் வைத்தவரும் அவர்தான். எழுதிக் கொடுத்துவிட்டு பிரான்சுக்குத் திரும்பிப் போய்விட்டார். பின்னாளில் சிக்லாத் என்ற நெட்வொர்க்கை அங்கே கட்டினார், இன்டர்நெட்டின் அடிப்படை யோசனைகளில் சில அதிலிருந்து வந்தவை, அது வேற எபிசோட். அவர் எழுதிவைத்த ஷெல்லை 1965இல் உண்மையாகவே கோட் எழுதி ஓடவைத்தவர் க்ளெண்டா ஷ்ரோடர் என்ற பெண். உலகின் முதல் ஷெல்லை எழுதியவர் என்று அவரைச் சொல்லலாம். நாலு வருஷ இன்ஜினியரிங்கில் அந்தப் பேரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

மல்டிக்ஸில் நம்ம கதைக்கு வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. ஒரு கமாண்ட் எழுதும்போது நடுவில் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளே இன்னொரு கமாண்டை எழுதலாம். சிஸ்டம் முதலில் உள்ளே இருப்பதை ஓட்டும், கிடைத்த விடையை அந்த இடத்தில் பதிக்கும், அப்புறம் வெளியே இருக்கும் கமாண்டை ஓட்டும். ஒரு கமாண்டின் பதிலைப் பிடித்து இன்னொன்றின் கையில் கொடுப்பது என்ற யோசனை அங்கேயே வந்துவிட்டது.

இப்போ 1969. மல்டிக்ஸ் இழுத்துக்கொண்டே போனதால் பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகியது. அங்கே இருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும், பிடிபி-7 என்ற ஒரு சின்ன பழைய மெஷினில், பின்னாளில் யூனிக்ஸ் ஆகப்போவதை எழுதத் தொடங்கினார்கள். அதன் முதல் வடிவத்தில் ஷெல் எப்படி வேலை செய்தது தெரியுமா? நீங்கள் ஒரு கமாண்ட் கொடுத்தால், அந்தக் கமாண்டின் கோட் மெமரியில் ஷெல்லின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். அதாவது ஷெல் அழிந்துவிடும். கமாண்ட் முடிந்ததும் சிஸ்டம் ஒரு புது ஷெல்லை டிஸ்க்கில் இருந்து எடுத்து வந்து போடும். புது ஷெல்லுக்கு முன்னால் என்ன நடந்தது என்றே தெரியாது. அனுப்பியவரே இல்லை என்றால் பதிலை யார் வாங்குவது?

இதை மாற்றியது ஃபோர்க். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தன்னைப் போலவே ஒரு நகலை உருவாக்கும். நகல் போய் கமாண்டாக மாறும், அசல் காத்திருக்கும். அன்றைய பிடிபி-7இல் இதற்குத் தேவைப்பட்டது 27 வரி அசெம்ப்ளி கோட் மட்டும்தான் என்று ரிட்சி பிற்பாடு எழுதியிருக்கிறார். நம்ம ஸ்கிரிப்டில் இருந்து ஒரு கமாண்டை ஓட்டி, அது முடியும்வரை நின்று, பதிலை வாங்குவது எல்லாம் இந்த 27 வரியின் வாரிசுகள்.

அதே கட்டுரையில் ரிட்சி ஒரு கூத்தையும் சொல்கிறார். ஃபோர்க் வந்த பிறகு டைரக்டரி மாற்றும் கமாண்ட் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. நேற்று வரை நன்றாக ஓடிய கமாண்ட். கோடை வரி வரியாகப் படித்துப் பார்த்தார்கள், எங்கேயும் தப்பு இல்லை. அப்புறம்தான் உறைத்தது. கமாண்ட் இப்போது நகலில் ஓடுகிறது. நகல் ஒழுங்காகத் தன் டைரக்டரியை மாற்றிக்கொள்கிறது, உடனே செத்துப்போகிறது. அசல் ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் சிடி என்பது இன்றைக்கும் தனி ப்ரோக்ராமாக இல்லாமல் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரே சிரிப்பு. பைத்தான் ஸ்கிரிப்டில் ஒரு வரியில் சிடி-யை ஓட்டிவிட்டு, அடுத்த வரியில் எல்எஸ் ஓட்டி, ஏன் பழைய ஃபோல்டரே வருது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாத ஆள் உண்டா? நான் ஒரு முழு சாயங்காலம் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். யூனிக்ஸை எழுதினவங்களே அதே குழியில் விழுந்திருக்காங்க.

1971இல் வந்த தாம்சனின் ஷெல்லில் இன்னொரு வேடிக்கை. அதில் கோட்டு என்பது ஷெல்லின் பகுதி இல்லை, அது ஒரு தனி ப்ரோக்ராம். தனி ப்ராசஸாக ஓடிவிட்டுச் சாகும் ஒன்று, தன்னை அழைத்த ஸ்கிரிப்டை எப்படி வேறு வரிக்குத் தாவவைக்கும்? ஷெல் படித்துக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் ஃபைலில் "இதுவரை படித்தாயிற்று" என்ற இடக்குறி நகலுக்கும் அசலுக்கும் பொது. கோட்டு அந்தக் குறியை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடும். ஷெல் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாமல், புது இடத்திலிருந்து படிக்கும். குழந்தையால் அப்பாவின் டைரக்டரியை மாற்ற முடியாது, ஆனால் அப்பா படிக்கும் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிவைத்துவிட முடியும். இப்படி ஒரு கோடை இன்றைக்கு எழுதினால் ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

அடுத்து பைப். பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் என்ற கணிதக்காரர். தோட்டத்தில் தண்ணீர் விடும் ஹோஸை ஒன்றோடு ஒன்று திருகி நீளமாக்குவது போல ப்ரோக்ராம்களையும் இணைக்க வழி வேண்டும் என்று 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார். யூனிக்ஸ் வந்த பிறகு தாம்சனை விடாமல் நச்சரித்தார். 1973இல் ஒருநாள் தாம்சன் சரி என்று உட்கார்ந்து ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார். மறுநாள் லேபில் எல்லாரும் ஒரே வரியில் நாலு கமாண்டைக் கோர்த்து விளையாட ஆரம்பித்துவிட்டார்களாம்.

பைப் வந்ததும் ஒரு பழைய பிரச்சனை பெரிதாக வெடித்தது. அதுவரை ஒரு ப்ரோக்ராமுக்கு ஒரே ஒரு வாய்தான். விடையும் அந்த வழியாகவே வரும், "ஃபைலைக் காணோம்" என்ற புலம்பலும் அந்த வழியாகவே வரும். மனிதர் முன்னால் உட்கார்ந்து பார்க்கும்வரை பரவாயில்லை, நமக்கு வித்தியாசம் தெரியும். பைப்பின் அந்தப் பக்கம் இருக்கும் ப்ரோக்ராமுக்குத் தெரியாது. எரர் மெசேஜையும் டேட்டா என்று நினைத்து அகர வரிசையில் அடுக்கிவிடும், எத்தனை வார்த்தை என்று எண்ணிக் கொடுத்துவிடும்.

பெல் லேப்ஸில் அப்போது போட்டோ டைப்செட்டர் ஒன்று இருந்தது, அச்சுக்குப் போகும் அளவுக்கு அழகான எழுத்தை போட்டோ பேப்பரில் பதிக்கும் மெஷின். பேப்பரை எடுத்து, கெமிக்கலில் கழுவி, காயவைத்துத்தான் பார்க்க முடியும். அந்த வேலையெல்லாம் முடிந்து பார்த்தால், பேப்பரில் நேர்த்தியான அச்செழுத்தில் "ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்று ஒரே ஒரு வரி இருக்கும். இப்படிச் சில தடவை நடந்த பிறகுதான் ஸ்டாண்டர்ட் எரர் பிறந்தது என்று அங்கே இருந்த ஸ்டீவ் ஜான்சன் சொல்லியிருக்கிறார். அதுவும் உடனே வரவில்லை. ஒரு இன்புட், ஒரு அவுட்புட் என்ற எளிமையைக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை, 1975இல் வந்த ஆறாவது பதிப்பு வரை சகித்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பிறகுதான் ரிட்சி இரண்டாவது வாயைத் திறந்துவிட்டார் என்று மெக்கில்ராய் எழுதியிருக்கிறார்.

நம்ம ஸ்கிரிப்ட்களில் எழுதும் 2>&1 என்ற மந்திரத்தில் அந்த 2 இதுதான். இரண்டாவது வாயில் வருவதையும் முதல் வாய் போகும் இடத்துக்கே அனுப்பு என்று அர்த்தம். யோசித்தால் கொஞ்சம் வேதனைதான். அவங்க அத்தனை வருஷம் சகிச்சுக்கிட்டு, அச்சுப் பேப்பரை வீணாக்கி, ஒரு வழியா பிரிச்சு வெச்சாங்க. நாம ஸ்டாக் ஓவர்ஃப்ளோல இருந்து நாலு எழுத்தை காப்பி பண்ணி திரும்ப ஒண்ணாக்கிடறோம். நான் அதைவிட மோசம், மொத்தமா குழியில் கொட்டினேன்.

1979இல் யூனிக்ஸின் ஏழாவது பதிப்பு. ஸ்டீவன் போர்ன் எழுதிய புது ஷெல் அதோடு வெளிவந்தது. இன்றைக்கு நாம் ஷெல் ஸ்கிரிப்ட் என்று எழுதுவதெல்லாம் கிட்டத்தட்ட அவருடைய மொழி. அவருக்கு அல்கால் 68 என்ற மொழி மேல் அப்படி ஒரு காதல். அதனால்தான் இஃப்-பைத் திருப்பிப் போட்டு ஃபி, கேஸ்-ஐத் திருப்பி ஈசாக். டூ-வை மட்டும் திருப்பிப் போட முடியவில்லை, ஏனென்றால் ஓடி என்ற பேரில் ஏற்கனவே வேறொரு கமாண்ட் இருந்தது. ஷெல்லின் சி கோடையே மேக்ரோ போட்டு அல்கால் மாதிரி எழுதிவைத்தார். அதைப் பார்த்துத் தலைசுற்றியவர்கள்தான் யார் மிகக் குழப்பமாக சி எழுதுவார்கள் என்று 1984இல் ஒரு போட்டியே ஆரம்பித்தார்கள்.

போர்ன் ஷெல்லில்தான் பேக்டிக் வந்தது. கீபோர்டில் எஸ்கேப்புக்குக் கீழே, யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சாய்ந்த குறி. அதற்குள் ஒரு கமாண்டை எழுதினால் அது சொல்வதை அப்படியே பிடித்து வேரியபிளில் போட்டுக்கொள்ளலாம். மல்டிக்ஸின் சதுர அடைப்புக்குறி யூனிக்ஸில் வேறு உடையில் வந்து சேர்ந்தது. ஒன்றுக்குள் ஒன்று வைக்க வேண்டும் என்றால் பேக்டிக்கில் பேக்ஸ்லாஷ் போட்டுப் போட்டு உயிர் போகும். அதனால் பிற்பாடு டேவிட் கார்னின் ஷெல்லில் $( ) வந்தது. இன்றைக்கு எழுதினால் இதையே எழுதுங்க.

இப்படிப் பிடிக்கும்போது ஷெல் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்யும். கடைசியில் இருக்கும் புதுவரிக் குறிகளை எல்லாம் வெட்டிவிடும். பெரும்பாலும் அது உதவிதான். பிடித்தது முதல் வாயில் வந்ததை மட்டும்தான் என்பதையும் கவனிக்கணும். புலம்பல் அதில் வராது. ஜெயித்ததா என்பதும் அந்த எழுத்தில் இருக்காது.

அது $? என்ற இரண்டு குறியில் இருக்கும். எக்ஸிட் ஸ்டேட்டஸ். 0 என்றால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி. ப்ரோக்ராமிங் படிக்க வந்த புதிதில் 0 என்றால் பொய் என்று மண்டையில் ஏற்றியிருப்பார்கள், இங்கே தலைகீழ். காரணம் எளிமையானது. ஒரு வேலை நன்றாக முடிவதற்கு ஒரு வழிதான், கெட்டுப்போக நூறு வழி. கமாண்டையே காணோம் என்றால் 127, இருக்கு ஆனால் ஓட்ட முடியாது என்றால் 126. எதாவது சிக்னல் வந்து கொன்றிருந்தால் 128-ஓடு அந்த சிக்னல் நம்பரைக் கூட்டிக் காட்டும். இந்த நம்பருக்கு 8 பிட்தான் இடம், 0 முதல் 255 வரை. எத்தனை எரர் வந்ததோ அதையே எக்ஸிட் நம்பராகக் கொடுக்கிறேன் என்று ஒருத்தர் டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுதினால், 255 எரர் வரை பிழைக்கும். சரியாக 256 எரர் வந்த அன்றைக்கு நம்பர் சுற்றிக்கொண்டு 0 ஆகும், எல்லாம் பாஸ்.

இப்போ என் பைப்புக்கு வருவோம். நாலு கமாண்டைக் கோர்த்தால் நாலு நம்பர் வரும். எதைக் காட்டுவது? கடைசியில் நிற்பவரின் நம்பரை என்று முடிவு பண்ணினார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம் இருக்கு. பெரிய லாக் ஃபைலைப் பைப்பில் விட்டு, அந்தப் பக்கம் ஹெட் போட்டு முதல் பத்து வரி மட்டும் பார்க்கிறோம். ஹெட் பத்து வரி வாங்கியதும் கிளம்பிவிடும். பின்னால் இருந்து ஊற்றிக்கொண்டிருக்கும் கமாண்ட், வாங்க ஆள் இல்லாமல், சிக்னல் வந்து செத்துப்போகும். அது தோல்வியா? நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே. எல்லார் நம்பரையும் கணக்கில் எடுத்தால் இப்படி ஒழுங்காக முடிந்த வேலைகள் பாதி தோல்வி என்று காட்டும். அதனால் கடைசி ஆள் பேச்சை மட்டும் கேட்டார்கள். என் விஷயத்தில் கடைசி ஆள் ஜிஜிப், அவருக்கு ஊரில் நடந்தது எதுவும் தெரியாது.

இதற்கு மாற்று பைப்ஃபெயில் என்ற ஆப்ஷன். அதை ஆன் பண்ணினால் வரிசையில் யார் தோற்றாலும் மொத்தமும் தோல்வி. கார்ன் ஷெல்லில் வந்து, 2004இல் பேஷ் 3.0-க்கு வந்து, பாசிக்ஸ் என்ற அதிகாரபூர்வத் தரத்துக்குள் நுழைந்தது 2024இல். பைப் பிறந்து ஐம்பத்தோரு வருஷம்.

இதுவரை சொன்னது பதிலை வாங்கும் பக்கம். கேட்கும் பக்கத்திலும் ஒரு வினை இருக்கு. அதன் விலை இன்னும் பெரிசு.

அதே ஏழாவது பதிப்பில் சி மொழிக்காரர்களுக்கு சிஸ்டம், பிஓப்பன் என்று இரண்டு ஃபங்ஷன்கள் கிடைத்தன. சிஸ்டம் ஒரு கமாண்டை ஓட்டி முடித்து அந்த நம்பரைத் தரும். பிஓப்பன் ஓட்டி, அது சொல்வதைப் படிக்க ஒரு பைப்பைக் கையில் கொடுக்கும். இரண்டுமே கமாண்டை நேராக ஓட்டுவதில்லை. நீங்கள் கொடுக்கும் எழுத்தை ஷெல்லிடம் ஒப்படைக்கும், ஷெல் அதைப் படித்து, உடைத்து, அர்த்தம் பண்ணி ஓட்டும். நடுவில் ஒரு தரகர். அந்தத் தரகருக்குச் சில குறிகளைக் கண்டால் கை சும்மா இருக்காது. அரைப்புள்ளி வந்தால் அடுத்த கமாண்ட், பைப் குறி வந்தால் இணைப்பு, புதுவரி வந்தால் இன்னொரு கமாண்ட். 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியிலும் பேக்டிக் வந்தது, வேலை இதே மாதிரிதான். எழுத்து முழுக்க நம்முடையதாக இருக்கும்வரை பிரச்சனை இல்லை. 90களில் வெப் வந்தது. அந்த எழுத்தில் பாதியை முன்பின் தெரியாதவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

அன்றைய வெப் சர்வர்களோடு உதாரணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஒரு குட்டி ப்ரோக்ராம், பேர் பிஎச்எஃப். போன் டைரக்டரி மாதிரி, பேரைக் கொடுத்தால் தேடித் தரும். நீங்கள் டைப் பண்ணிய பேரைக் கமாண்டுக்குள் ஒட்டி பிஓப்பனிடம் கொடுக்கும். ஆபத்தான குறிகளை எல்லாம் வடிகட்ட ஒரு ஃபங்ஷனும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அரைப்புள்ளியைப் பிடித்தது, பைப்பைப் பிடித்தது. பட்டியலில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று, புதுவரிக் குறி. பேருக்கு அப்புறம் ஒரு புதுவரி, அதற்குக் கீழே சர்வரின் பாஸ்வேர்ட் ஃபைலைக் காட்டு என்று ஒரு கமாண்ட். பிரவுசரின் அட்ரஸ் பாரிலேயே எழுதி அனுப்பலாம், ஒரு டூலும் வேண்டாம். 1996இல் இதற்காக எச்சரிக்கை வந்தது. இன்டர்வியூவில் கமாண்ட் இன்ஜெக்ஷன் என்றால் என்ன என்று கேட்டால் நான் இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

2014 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? ஷெல்ஷாக். பேஷில் ஒரு ஃபங்ஷனை என்விரான்மென்ட் வேரியபிள் வழியாகக் குழந்தை ப்ராசஸுக்குக் கொடுத்தனுப்ப ஒரு வசதி இருந்தது. வேரியபிளின் எழுத்து ஒரு குறிப்பிட்ட மாதிரி தொடங்கினால், பேஷ் கண் விழித்ததும் அதை ஃபங்ஷனாகப் படிக்கும். படிக்கும்போது ஃபங்ஷன் முடிந்த பிறகு வாலில் ஒட்டியிருக்கும் கமாண்டையும் சேர்த்து ஓட்டிவிடும். பழைய பாணி வெப் சர்வர்களோ, வருகிறவரின் பிரவுசர் பேர் உட்பட எல்லாவற்றையும் என்விரான்மென்ட் வேரியபிளாகத்தான் உள்ளே அனுப்பும். பிரவுசர் பேர் என்ற இடத்தில் எதை எழுதினாலும் ஓடும். ஸ்டெஃபான் ஷாஸ்லா என்பவர் கண்டுபிடித்தார். ஓட்டை 1989இலிருந்தே அங்கே இருந்திருக்கு, 25 வருஷம். நம்ம கமாண்டில் வெளியாள் எழுத்து ஒன்றுகூட இல்லாவிட்டாலும், நடுவில் அந்தத் தரகர் நின்றாலே போதும் என்று ஆனது.

பைத்தான்காரர்கள் இந்தத் தரகரை ஓரங்கட்ட முடிவு பண்ணியது அதற்கு முன்னாலேயே. 2003 வாக்கில் பைத்தானில் கமாண்ட் ஓட்ட ஏகப்பட்ட வழிகள் இருந்தன. ஓஎஸ்-சிஸ்டம், ஸ்பான் என்று ஒரு கும்பல், பிஓப்பன் 2, 3, 4, தனியாக கமாண்ட்ஸ் என்று ஒரு மாட்யூல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், சிலது ஷெல் வழியாக, சிலது நேராக, சிலதில் எரர் தனியாக வரும், சிலதில் கலந்து வரும். பீட்டர் ஓஸ்ட்ராண்ட் என்பவர் அந்த வருஷம் நவம்பரில் பெப் 324 என்ற முன்மொழிவை எழுதினார். எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே மாட்யூல், சப்ப்ராசஸ். 2004இல் பைத்தான் 2.4-ஓடு வந்தது. அதில் கமாண்டை ஒரு நீள எழுத்தாகக் கொடுக்காமல் லிஸ்டாகக் கொடுக்கிறோம். முதலில் ப்ரோக்ராம் பேர், அப்புறம் ஒவ்வொரு ஆர்கியுமென்ட்டும் தனித்தனியாக. நீங்களாகக் கேட்டால் தவிர ஷெல் நடுவில் வராது. ஆர்கியுமென்ட்டுக்குள் அரைப்புள்ளி இருந்தால் அது வெறும் அரைப்புள்ளி, புதுவரி இருந்தால் வெறும் புதுவரி.

பதிலை வாங்கும் பக்கத்தில் இன்னொரு பொறி இருந்தது. பைப் என்பது லினக்ஸில் வழக்கமாக 64 கிலோபைட் கொள்ளும் ஒரு தொட்டி. குழந்தை நிறையப் பேசினால் தொட்டி நிரம்பும், யாராவது எடுத்தால்தான் மேலே ஊற்ற முடியும் என்று காத்திருக்கும். நாமோ, அது முடியட்டும் அப்புறம் படிக்கலாம் என்று காத்திருக்கிறோம். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நின்றுகொண்டே இருப்போம், சண்டை போட்ட ரூம் மேட்ஸ் மாதிரி. சின்ன டேட்டாவில் டெஸ்ட் பண்ணும்போது இது தெரியவே தெரியாது. இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் காலி பண்ணிக்கொண்டே காத்திருக்க கம்யூனிகேட் என்ற மெத்தட் அதில் இருக்கிறது. 2015இல் பைத்தான் 3.5-ல் வந்த ரன் அதையெல்லாம் உள்ளே மூடிவைத்து, பதில், புலம்பல், எக்ஸிட் நம்பர் மூன்றையும் ஒரே பொருளாகக் கையில் தருகிறது. ஆனாலும் ஒரு விஷயம் என்னை உறுத்தும். செக் என்ற ஆப்ஷனை நீங்களாக ட்ரூ என்று போடாவிட்டால், கமாண்ட் தோற்றாலும் ரன் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நம்பர் அந்தப் பொருளுக்குள் இருக்கும், பார்ப்பதும் பார்க்காததும் உங்க இஷ்டம். என்னை மாதிரி ஆளுங்களை நம்பி இப்படி விட்டிருக்கக் கூடாதுன்னுதான் எனக்குத் தோணுது.

அந்த வியாழக்கிழமை என்ன ஆச்சு என்று கேட்பீங்க. 12 நாள் பழைய ஒரு நல்ல பேக்கப் இருந்தது, அதை ஏற்றினோம். நடுவில் இருந்த நாட்களை அப்ளிகேஷன் லாகிலிருந்தும், கஸ்டமர்களுக்குப் போன மெயில்களிலிருந்தும் ஒவ்வொரு வரிசையாகப் பொறுக்கினோம். நாலு பேர், ஞாயிறு ராத்திரி வரை. எல்லாம் கிடைக்கவில்லை. டெலீட் ஓட்டியவரை எல்லாரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். என் ஸ்கிரிப்ட் ஒழுங்காக இருந்திருந்தால் அவர் தப்பு பத்து நிமிஷத் தப்பு என்று அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்கணும். திங்கட்கிழமை மீட்டிங்கில்தான் சொன்னேன்.

ஸ்கிரிப்டை மாற்றி எழுதினேன். டம்ப் முதலில் ஒரு ஃபைலுக்குப் போகும், அதன் நம்பரைப் பார்த்த பிறகுதான் ஜிஜிப். எரர் தனி ஃபைலுக்குப் போகும், அது காலியாக இல்லை என்றால் அதில் இருப்பது அப்படியே மெயிலில் வரும். பேக்கப் சைஸ் நேற்றையதைவிடப் பாதிக்குக் கீழே போனால் போன் அடிக்கும். ஞாயிறுதோறும் அதை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றிப் பார்க்க இன்னொரு ஸ்கிரிப்ட். பாஸ்வேர்டைக் கமாண்டிலிருந்து எடுத்து தனி கான்ஃபிக் ஃபைலில் வைத்தேன், அந்த எச்சரிக்கையும் நின்றுபோனது. மூன்று நிமிஷ வேலை. அதைத்தான் அது தினமும் ராத்திரி 2 மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.